மேஸ்திரிக்குக் கவாத்து

குயில்மட்டத்தில் மாசி மாதத்துப் பனி கொட்டி, குழாயில் தண்ணீர் உறைந்து, பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவின் கோழிகள் இன்றைக்குக் கூண்டை விட்டு இறங்குவதில்லை என்று ஒற்றுமையாக முடிவெடுத்திருந்த ஒரு காலையில், பெர்ரிப் புதர்களைக் கவாத்து செய்துவிடலாம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போன ஜெயக்கொடி, மூன்றாவது புதருக்கு நடுவில் தன் மாமனார் இடுப்பு வரைக்கும் முளைத்து நிற்பதைப் பார்த்தாள்.

அவர் செத்து இன்னும் வருடம் திரும்பவில்லை.

"ஏ புள்ள," என்றார் சடையப்ப மேஸ்திரி, "விடிஞ்சு எந்நேரமாச்சு, காப்பி எங்கே?"

ஜெயக்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்கு முதலில் அவள் கால்கள்தான் பதில் சொல்லும். மனசு பின்னால் மெதுவாக வந்து சேரும். அன்றைக்கு அது அடுப்படியில் வந்து சேர்ந்தது. வந்ததும் சர்க்கரை போடலாமா கூடாதா என்று யோசித்தது. உயிரோடு இருந்தபோது அவருக்குச் சர்க்கரை வியாதி. செத்த பிறகும் அது தொடருமா என்று கேட்க அந்நேரத்துக்கு டாக்டர் யாரும் கிடைக்காததால் ஒரு ஸ்பூன் போட்டாள்.

எப்படி இது நடந்தது என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரமாகவில்லை. மேஸ்திரி எதையும் தூக்கி எறியாதவர். காலியான பால்பவுடர் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, செடிகளுக்குப் போடும் எலும்புத்தூளை அவற்றில் அடைத்து, அடுப்படிப் பரணில் வரிசையாக வைத்திருந்தார். அவரை எரித்த மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலும் எலும்பும் எடுத்துவந்த மகன், ஜெயக்கொடியின் புருஷன் லோகநாதன், மண்கலயம் வழியில் உடைந்துவிடுமோ என்று பயந்து, அப்பாவை அப்பாவின் டப்பா ஒன்றிலேயே போட்டு அதே பரணில் ஏற்றினான். பிறகு பவானி கூடுதுறைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைக்கு அகப்பட்ட டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, கண்ணீர் தாரை தாரையாக வழிய, நல்ல முதல்தரமான எலும்புத்தூளை ஆற்றில் கரைத்துவிட்டுத் தலை முழுகித் திரும்பி வந்தான். ஆடியில் பெர்ரிப் புதர்களுக்கு உரம் வைத்தபோது அப்பா மூன்றாவது புதருக்குப் போனார்.

லோகநாதன் தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்ப்பவன். அன்றைக்கு இரவு ஷிப்ட் முடிந்து கரியும் தேயிலைத் தூளும் மணக்க வந்தவன், புதருக்கு முன்னால் நின்று அப்பாவை ஏற இறங்கப் பார்த்தான். பச்சை ஸ்வெட்டர், மங்கி குல்லா, காதோரம் இரண்டு புதுத் துளிர்கள். மீசையில் மட்டும் மயிருக்குப் பதிலாகச் சன்னமான முள்.

"அப்பா, குளுருதா?"

"குளுராம வேர்க்குமாடா?"

அவன் கம்பளி எடுத்து வந்து போர்த்திவிட்டான். பிறகு ஜெயக்கொடியைத் தனியே அழைத்து, "இத ஃபேக்டரியில சொல்லணுமா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"இல்ல, செத்ததுக்கு லீவு குடுத்தாங்கல்ல. இப்ப அதத் திருப்பிக் கேப்பாங்களோன்னு."

ரோஸ்லின் அக்கா வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு தட்டில் பணியாரத்தோடு திரும்பி வந்தாள். "மேஸ்திரி வந்திருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஜெயா? எங்க ஆளு மூணே நாள்ல எந்திரிச்சுட்டாரு. உங்க ஆளுக்கு வருஷமாகிருச்சு. போகட்டும், வயசானவரு."

குயில்மட்டத்தில் எல்லோரும் ஒரு காலத்தில் எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள், இல்லையென்றால் அவர்களுக்குப் பிறந்தவர்கள். அதனால் அங்கே யாருக்கும் கவாத்தைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேயிலையை முட்டி உயரத்துக்கு வெட்ட வேண்டும். பெர்ரிக்கு அந்த இரக்கம் கூடக் கிடையாது. பெர்ரிக் குச்சி ஒரு வருடம் வளரும், மறு வருடம் காய்க்கும், அதன் பிறகு வேலை எதுவும் இல்லாமல் சும்மா நிற்கும். சும்மா நின்றுகொண்டே அடியிலிருந்து கிளம்பும் புதுக் குச்சிக்கு வர வேண்டிய வெயிலையும் தண்ணீரையும் தானே குடித்துக்கொண்டிருக்கும். அதனால் மாசிக் குளிரில், துளிர் விடுவதற்குள், காய்த்த குச்சியை மண்ணோடு மண்ணாக வெட்டிவிட வேண்டும். இந்தச் சட்டத்தை அந்த மலையில் சடையப்ப மேஸ்திரியைப் போல அமல்படுத்தியவர் வேறு யாருமில்லை. எஸ்டேட்டில் கவாத்து நடக்கும்போது குடையை ஊன்றிக்கொண்டு மேட்டில் நிற்பார். நின்றுகொண்டு, "கீழே வெட்டு, கீழே வெட்டு, உன் வீட்டு வாழையா அது, பாவம் பாக்கிறே?" என்று கத்துவார். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், "முதுகு நிமிந்தா கூலி குனிஞ்சிரும்" என்பார். அந்தப் பெர்ரிச் செடிகளே ஒரு துரை பங்களாவின் தோட்டத்திலிருந்து மடக்கிய குடைக்குள் அவர் செருகிக்கொண்டு வந்தவைதான்.

அதனால் செய்தி எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போனதும், அவருக்குக் கீழே கவாத்து வெட்டிய பெண்கள் ஜீப் பிடித்து வந்து இறங்கினார்கள். எல்லோரும் இடுப்பில் கை வைத்து வட்டமாக நின்றார்கள். வேலம்மா என்பவள் முதலில் பேசினாள்.

"என்னங்க மேஸ்திரி, முதுகு நிமிந்து நிக்குது?"

சிரிப்பில் ரோஸ்லின் அக்காவின் கோழிகள் திரும்பக் கூண்டில் ஏறிக்கொண்டன. மேஸ்திரி விடவில்லை. "நீ வெட்டின வரிசையை இன்னைக்கும் போய்ப் பாரு வேலம்மா, எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். வேலம்மா, "எலிக்காவது நடக்கக் காலு இருக்கு" என்றாள். இப்படியே மத்தியானம் வரைக்கும் இரண்டு தரப்பும் பல வருடத்து வசவுகளைப் பரிமாறிக்கொண்டு, கடைசியில் மிகவும் திருப்தியாகப் பிரிந்தார்கள். போகும்போது வேலம்மா அவர் தலைக் குல்லாவைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள்.

பிறகு வருடத் திதி வந்தது. செய்வதா வேண்டாமா என்று பூசாரியிடம் கேட்டார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "திதிங்கிறது செத்த நாளுக்கு. ஆளு இருக்காரா இல்லையாங்கிறதுக்கும் நாளுக்கும் சம்பந்தமில்ல" என்றார். ஆகவே வாழை இலை போட்டு, சோறும் வடையும் பாயசமும் படைத்து, அதில் ஒரு பங்கைக் கூரை ஓட்டின் மேல் வைத்துக் கா கா என்று கூப்பிட்டார்கள். காக்கா வந்தது. வடையில் வாயை வைத்த நொடியில் தோட்டத்திலிருந்து ஒரு மண்கட்டி பறந்து வந்து அதன் வாலில் விழுந்தது.

"அது என் வடை!"

காக்காவும் லேசில் விட்டுக்கொடுக்கிற காக்கா இல்லை. அந்த வீட்டுப் பிதுர்களின் சார்பில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த உரிமை அதற்கு இருந்தது. இருவரும் சண்டை போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பூசாரி, இலையைத் தூக்கிக்கொண்டு போய் மேஸ்திரிக்கு முன்னாலேயே வைத்துவிட்டு, "நேர்லயே குடுத்தாச்சு, நடுவுல ஆள் எதுக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் பழகிவிட்டது. டாக்ஸிக்காரர்கள் காட்சிமுனைக்கும் அருவிக்கும் நடுவில் மேஸ்திரியையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து நின்று வசவு வாங்கிக்கொண்டு கைதட்டிவிட்டுப் போனார்கள். வார்டு மெம்பர் சால்வையோடு வந்து, செத்தவர்கள் ஓட்டுப் போடுவது நம் ஊருக்குப் புதிதல்ல, ஆனால் நேரில் கைகூப்பிக் கேட்கிற பாக்கியம் தனக்குத்தான் முதன்முதலில் கிடைத்திருக்கிறது என்று சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பழகாதவள் ஒருத்தி இருந்தாள். அது ஜெயக்கொடி.

அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. மேலே பஜாரில் இருக்கும் மழலையர் பள்ளியின் வேனை ஓட்டும் வேலை. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் குரல் உள்ளே போய்விடும் சுபாவம் அவளுக்கு. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் உடம்பில் வேறு யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கும். மேஸ்திரி உயிரோடு இருந்தபோது தையல் கிளாசுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் டிரைவிங் கற்றுக்கொண்டாள். அவர் தைத்ததைக் காட்டு என்று கேட்டபோதெல்லாம் கடையில் ஒரு ஜாக்கெட் வாங்கி வந்து காட்டினாள். அவர் போன பிறகுதான் தைரியம் வந்து டிரைவர் பேட்ஜ் எடுத்து, பள்ளியின் தாளாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தாள். பங்குனி பிறந்ததும் வண்டியை எடுக்க வேண்டும் என்று பேச்சு.

இப்போதோ மேஸ்திரிக்கு விடிந்ததும் காப்பி, வெயில் ஏறியதும் கஞ்சி, சாயங்காலம் மறுபடியும் காப்பி, பனி விழுமுன் தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாள், நடுவில் முதுகு அரித்தால் சொறிந்துவிட ஒரு ஆள். இந்தக் கவனிப்பில் அவர் செழித்தார். இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தவர் இப்போது தொடையும் தெரிய வளர்ந்துவிட்டார். அவரைச் சுற்றி மண்ணை முட்டிக்கொண்டு வந்த புதுக் குச்சிகள் மட்டும் வெயில் காணாமல் வெளுத்துத் தலை சாய்ந்தன.

"நீ வேலைக்குப் போயிட்டா அப்பாவை யாரு பாப்பா?" என்றான் லோகநாதன்.

"நீங்க பகல்ல வீட்லதான இருக்கீங்க?"

"நான் தூங்கணும்ல?" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "கொஞ்ச நாள் பொறுத்துக்க ஜெயா. அப்பா இன்னும் எத்தனை நாளைக்கு இருந்துரப் போறாரு" என்று சொல்லிவிட்டு, இதே வாக்கியத்தை ஏற்கனவே ஒருமுறை ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டான்.

தாளாளர் அம்மா போன் செய்தாள். "திங்கக்கிழமை நீ வண்டிய எடுக்கலன்னா வேற ஆளைப் போட்ருவேன்மா. பிள்ளைங்க ரோட்ல நிக்குது. உங்க மாமனாரு மாதிரி என்னால ஒரே எடத்துல நின்னு காத்துக்கிட்டிருக்க முடியாது."

வெட்டிவிட வேண்டியதுதான் என்பதில் குயில்மட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. சட்டம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கத்தியைக் கையில் எடுக்க யாரும் வரவில்லை. ரோஸ்லின் அக்கா ஜெபம் செய்து தருவதாகச் சொன்னாள். வேலம்மா, "நீ வெட்டுனா நாங்க ஏன்னு கேக்க மாட்டோம். எங்களைக் கூப்பிடாத. அந்த ஆளு கத்துனா என் கை தானா கத்தியைக் கீழ போட்ரும்" என்றாள்.

ஜெயக்கொடி ஒரு நாள் காப்பி கொடுக்கும்போது, டம்ளரைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள். "மாமா, மாசி முடியப் போகுது."

"அதுக்கென்ன இப்ப?"

"கவாத்து..."

மேஸ்திரிக்குப் புரை ஏறியது. இருமி முடித்ததும், வாழ்நாளில் யாருக்கும் கொடுத்திராத ஒரு சலுகையைத் தனக்குக் கேட்கும் மனிதனின் குழைந்த குரலில் சொன்னார். "ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாமே புள்ள. நான் இன்னும் காய்க்கவே இல்லையே. காய்க்காத குச்சியை வெட்டுறது பாவமில்லையா?"

"நீங்க காய்ச்சாச்சு மாமா," என்றாள் அவள். "உள்ள தூங்குது."

மேஸ்திரி ஜன்னல் பக்கம் பார்த்தார். லோகநாதனின் குறட்டை ஒரே சீராகக் கேட்டது. "அதைப் போயி காய்ப்புங்கிறியே," என்றார் கடைசியில், ஆனால் அதில் வழக்கமான காரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயக்கொடி கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். புல்லெல்லாம் பனி வெள்ளையாக மொறுமொறுத்தது. மேஸ்திரி அவளைப் பார்த்ததும் கம்பளியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டார். அவள் அவர் பக்கம் வரவே இல்லை. முதல் புதருக்கு முன்னால் போய்க் குந்தினாள். ஒரு குச்சியைப் பிடித்தாள். முட்டி உயரத்தில், தட்டையாக, பட்டை நார்நாராகக் கிழிந்து தொங்கும்படி அறுத்தாள்.

கம்பளி லேசாக அசைந்தது.

அடுத்ததை இன்னும் மோசமாக வெட்டினாள். காய்த்து ஓய்ந்த கிழக் குச்சியை நிற்கவிட்டு, பக்கத்தில் கொழுகொழு என்று வந்திருந்த புதுக் குச்சியின் தலையைச் சீவினாள். முதல் புதர், சண்டையில் பிடுங்கப்பட்ட தாடி போல ஆயிற்று. எழுந்து இரண்டாவது புதருக்கு நகர்ந்தாள்.

"ஏய்!"

அவள் திரும்பவில்லை. கத்தியை இழுத்தாள். கிர்ர் என்றது.

"ஏய், ஏய், என்ன வெட்டு இது? கட்டை விட்டு வெட்டுறே! தண்ணி நிக்கும், அழுகும், பூச்சி வைக்கும்! கீழே வெட்டு! கீழே!"

"எனக்கு இவ்வளவுதான் தெரியும் மாமா."

"நாசமாப் போச்சு! துரை தோட்டத்துச் செடிடி அது! குடைக்குள்ள வச்சு, மழையில நனைஞ்சுக்கிட்டே கொண்டு வந்தேன்!" அவர் கம்பளியை உதறி எறிந்துவிட்டு முன்னால் சாய்ந்து கையை நீட்டினார். கை எட்டவில்லை. வேர் பிடித்து இழுத்தது. அவள் இன்னொன்றை வெட்டினாள். அவர் முகம் பழுத்த பெர்ரியின் நிறத்துக்கு வந்தது. "குடு இங்கே கத்தியை! குடுங்கிறேன்ல! இங்க வந்து நின்னு பாரு. எப்படின்னு காட்டுறேன்."

ஜெயக்கொடி கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கி, விரலால் கூர் பார்த்து, காட்டுவதற்கு ஒரு குச்சியைத் தேடினார். அவர் கைக்கு எட்டும் தூரத்தில், காய்த்து முடிந்த குச்சி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் குனிந்து தன் அடியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வேணும்னேதான பண்ணுனே."

"ஆமா மாமா."

"உனக்குப் பொய் சொல்ல வரவே வராது புள்ள. தையல் கிளாசாம். கொண்டாந்து காட்டுன ஒரு ஜாக்கெட்டாவது உன் அளவுக்கு இருந்துச்சா?"

ஜெயக்கொடிக்கு முகம் சூடாயிற்று. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"சும்மாவா இருந்தேன்? தினமும் திட்டுனேனே." அவர் மூக்கை உறிஞ்சினார். "திட்டுனா நீ நின்னுருவேன்னு பாத்தேன். நிக்கல. எஸ்டேட்டுல நான் திட்டி நிக்காதவ ஒருத்தி கெடயாது." அதைப் பெருமையாகச் சொல்கிறாரா குறையாகச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அவர் பார்வை மறுபடியும் அந்த இரண்டு புதர்களின் மேல் போனது. "இருந்தாலும் அதுகளை இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"உங்களைக் காட்டச் சொல்றதுக்கு எனக்கு வேற வழி தெரியல மாமா."

"வாயப் பாரு. இத்தனை வருஷம் இதெல்லாம் எங்கே வச்சிருந்தே?" என்றார். பிறகு குல்லாவைப் பின்னுக்குத் தள்ளினார். தொண்டையைச் செருமினார். மேட்டின் மேல் குடையோடு நின்ற காலத்துக் குரல் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகள் கப்சிப் ஆயின. "நல்லாப் பாத்துக்க, ரெண்டாந் தடவை காட்ட மாட்டேன். இடது கையால இப்படி இறுக்கிப் பிடி. மண்ணோட மண்ணா வை. தட்டையா இல்ல, சாய்வா. மழை விழுந்தா வழிஞ்சு ஓடணும். அப்புறம் யோசிக்காத. யோசிச்சா பட்டை கிழியும். ஒரே இழுப்பு. பாத்தியா? இப்ப இதுல எங்கயாவது ஒரு பிசிறு..."

பிசிறு இல்லை. வெட்டு ஐந்து பைசா அளவில், பச்சையாக, சாய்வாக, ஈரத்தோடு மின்னியது. புல்லில் ஒரு கட்டுக் காய்ந்த பெர்ரிக் குச்சிகளும் பச்சை ஸ்வெட்டரும் குல்லாவும் கிடந்தன.

ஜெயக்கொடி பனிப்புல்லிலேயே உட்கார்ந்து, சத்தம் வராமல், மூக்கு சிவக்க அழுதாள். அழுது முடித்ததும் எழுந்து கத்தியைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த புதர்களை ஒவ்வொன்றாக, மண்ணோடு மண்ணாக, சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டினாள்.

லோகநாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது தோட்டம் வெளிச்சமாக இருந்தது. அவன் மூன்றாவது புதருக்கு முன்னால் மண்டியிட்டு, வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"இது அப்பா வெட்டுதான்," என்றான். உள்ளே போய் வெகு நேரம் பாத்திரங்களை உருட்டினான். பிறகு, பால் பொங்கி வழிந்த, சர்க்கரை போட மறந்துபோன இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தான். ஜெயக்கொடி ஒன்றை வாங்கி முழுவதையும் குடித்தாள்.

திங்கட்கிழமை மஞ்சள் வேனில் கீழ்லயத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவள் மேலே வந்தபோது, தேயிலைக்குப் போகும் பெண்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள். வேலம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மேஸ்திரி எங்கேடி?"

"வெட்டியாச்சு அக்கா."

"யாரு வெட்டுனா?"

"அவரே."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலம்மா தலைத்துண்டை அவிழ்த்து ஒருமுறை உதறினாள். "அப்ப சுத்தமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

வேன் கிளம்பியது. முன் சீட்டில் இருந்த ஒரு சிறுமி, "ஆன்ட்டி, அந்தத் தாத்தா வலிக்குதுன்னு அழுதாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. கடைசி வரைக்கும் என்னைத் திட்டுனாரு."

சிறுமி திருப்தியாகத் தன் பிஸ்கட்டுக்குத் திரும்பினாள். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எதிரே கேரட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. லாரிக்காரன் வேனில் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பின்னால் போ என்று கையை ஆட்டினான். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஜெயக்கொடி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டி, தன் தொண்டையில் இருக்கிறது என்று அதுவரை அவளுக்கே தெரியாத ஒரு குரலில் "ஏய்!" என்று ஒரே ஒரு வார்த்தை கத்தினாள்.

லாரி பின்னால் போனது.